படகு மோட்டாரின் ஓய்வுக்காலப் பராமரிப்பு

மும்பையின் கிங்ஸ் சர்க்கிள் தாழ்வான பகுதி. பெருமழையும் கடலேற்றமும் ஒருசேர நேர்ந்தால் அங்கு வெள்ளம் எளிதில் வடிவதில்லை. 2005 ஜூலை 26 அன்று அந்நகரின் சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. இத்தகைய வெள்ளத்தில் மக்களை மீட்கும் படகின் மோட்டார், ஆண்டின் பெரும்பகுதி ஓய்வில் கிடக்கிறது. அந்த ஓய்வே அதற்குக் கேடாகலாம்.

குளிர்நாடுகளில் மோட்டாரினுள் தங்கிய நீர் உறைந்து உலோகத்தைப் பிளந்துவிடும். வெப்பநாட்டில் உப்பும், ஈரமும், பழைய பெட்ரோலுமே பகை.

மழைக்காலம் முடிந்ததும் மோட்டாரினுள் நன்னீர் செலுத்தி, உப்பையும் வண்டலையும் கழுவுதல் வேண்டும். நீரின்றி ஓட்டலாகாது, நீர் இறைக்கும் ரப்பர்ச் சக்கரம் விரைவில் பழுதாகும். கார்புரேட்டரில் தங்கும் பெட்ரோல் நாளடைவில் பிசினாகி நுண்துளைகளை அடைக்குமாதலின், அதனை முற்றிலும் வடித்துவிடுக. கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின் நீர் புகுந்துள்ளது எனக் கொள்க. துத்தநாகக் கட்டி தான் அரிபட்டு மற்ற உலோகத்தைக் காப்பது. அது பாதி கரைந்ததும் மாற்றுதல் நன்று. நீர் வடியுமாறு மோட்டாரைச் செங்குத்தாக நிறுத்தி வைக்க.

மே மாதத்தில் புதிய பெட்ரோல் இட்டு, நீர்த்தொட்டியில் மோட்டாரை ஓட்டிப் பார்த்தல் இன்றியமையாதது. குளிர்விக்கும் நீர் பக்கத்துளை வழியே தாரையாக வெளிவராவிடில் உடனே நிறுத்திப் பழுது நீக்குக. வெள்ளம் புகுந்தபின் அதற்கு நேரமிராது.