மருதோண்டிக்குக் கீழே

வெள்ளிக்கிழமை காலையில் நகம் வெட்டுவது எங்கள் வீட்டில் ஜும்ஆவுக்கு முந்திய வேலை. நகவெட்டி வீட்டுக்கு வராத காலம். பாதியாக உடைத்த சவர பிளேட்டோடு மூத்தம்மா திண்ணையில் இருப்பா. பிள்ளைகள் முடிந்ததும் கடைசியாக உம்மாவின் முறை. தம்பிக்கு உம்மா மாதமாக இருந்தபோது, அவவின் விரலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன புள்ள இது, போன வெள்ளிக்குத்தானே வெட்டின, அதுக்குள்ள இப்படி வளந்திட்டு" என்று மூத்தம்மா சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தம்பி பிறந்து மூன்று மாதம் கழிய, அதே கை, அதே பிளேட். நகம் வெங்காயச் சருகுபோல ஏடேடாகப் பிரிந்து வந்தது. "சத்தெல்லாம் பாலோட போயிட்டு" என்றா. விசாரணை அவ்வளவுதான்.

அதே தீர்ப்பைப் போன மாதம் கல்முனை பஸாரில் ஒரு பார்மசியில் கேட்டேன். தோளில் பிள்ளை, கையில் போனோடு ஒரு தாய். "பால் குடுக்கிறதால நகம் உடையுது, பயோட்டின் இருக்கா?" திண்ணை கவுன்டராகிவிட்டது, பிளேட் குளிசையாகிவிட்டது. குற்றவாளி மட்டும் மாறவில்லை.

மூத்தம்மாவின் முதல் கவனிப்பு சரி. கைவிரல் நகம் சாதாரணமாக மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீற்றர் வளரும். கர்ப்பத்தில் அந்த வேகம் கூடுவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். மூத்தம்மாவிடம் அளவுகோல் இல்லை. ஆனால் வெள்ளிக்கு வெள்ளி என்ற கணக்கு இருந்தது, மருதோண்டி இருந்தது. பெருநாளுக்கு அரைத்து இட்ட மருதோண்டி தோலில் இருந்து இரண்டு கிழமையில் போய்விடும். நகத்தில் போகாது. அடியிலிருந்து வெள்ளை வளர வளர, சிவப்பு நுனியை நோக்கி நகரும். நோன்புப் பெருநாள் சிவப்பு எங்கே நிற்கிறது என்று பார்த்தே நகத்தின் ஓட்டத்தைச் சொல்லிவிடலாம். அதைவிட நல்ல அளவுகோலை நான் இன்னும் காணவில்லை.

வேகமாக வளர்ந்த நகம் உறுதியாகத்தான் இருக்கும் என்றில்லை. சிலருக்கு மெதுமெதுவென்று வளையும், சிலருக்குச் சட்டென்று முறியும், சிலருக்கு நுனி சதையை விட்டுத் தூக்கும், குறுக்கே பள்ளம் விழும். ஹோர்மோன்களின் ஏற்றமும் உடலில் கூடி ஓடும் இரத்தமும் இதில் பங்கு கொள்கின்றன என்று வைத்தியர்கள் கருதுகிறார்கள். பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் தானாகவே சரியாகிவிடும்.

பிழையானது "பாலோட போயிட்டு" என்ற இரண்டாவது தீர்ப்பு. நகம் தாமதமாகப் பேசும் உறுப்பு. இன்று கண்ணுக்குத் தெரிகிற இடம் நேற்று உண்டானதல்ல. 1846இல் பிரெஞ்சு வைத்தியர் போ, கடும் நோய்க்குப் பிறகு நகத்தில் குறுக்குக் கோடு விழுவதை எழுதி வைத்தார்; அந்தக் கோடுகளுக்கு இன்றும் அவர் பெயர்தான். அடித்தோலில் இருந்து 6 மில்லிமீற்றர் தள்ளி ஒரு பள்ளம் நின்றால், உடம்பு ஆட்டங்கண்டது குறைந்தது இரண்டு மாதத்துக்கு முன் என்று கணக்கிடலாம். அப்படியானால் பிள்ளைக்கு மூன்று மாதமாகும்போது நகத்தின் நடுவில் நிற்கும் கோடு எதைச் சொல்கிறது? பாலையல்ல, பிரசவத்தை: அன்றைய இரத்த இழப்பை, காய்ச்சலை. முடி கொட்டுவதும் அந்த மூன்றாம் மாதத்தில்தான் தொடங்கும். இரண்டும் பால் கொடுக்கும் நாளில் வந்து சேருவதால் பழி பாலின் தலையில் விழுகிறது. குர்ஆன் இரண்டு முழு வருடம் என்று சொன்ன பாலை, உடைந்த நகத்துக்காக நிறுத்தப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள்.

"கல்சியம் போதாது" என்பது அடுத்த வழக்கு. தாய்ப்பாலோடு நாளுக்கு 200, 300 மில்லிகிராம் கல்சியம் போவது உண்மை. உடல் அதில் ஒரு பங்கை எலும்பிலிருந்து கடன் எடுத்து, பால் மறந்த பின் திருப்பி வைத்துவிடும். நகத்துக்கும் அதற்கும் தொடர்பு சொற்பம். நகத்தின் கடினம் கெரட்டின் என்ற புரதத்தில் இருக்கிறது, சுண்ணாம்பில் இல்லை. கல்சியக் குறை என்று சொல்லும் வெள்ளைப் புள்ளிகளும் அநேகமாக எங்கோ இடிபட்ட தடம்தான்.

சந்தேகப்பட வேண்டியது இரும்புச் சத்தை. ஒரு கர்ப்பத்துக்கு மொத்தமாகச் சுமார் 1,000 மில்லிகிராம் இரும்பு தேவை. நெடுநாள் இரத்தச்சோகையில் நகம் தட்டையாகி, பின்பு கரண்டிபோலக் குழியும். ஒரு துளி தண்ணீர் விட்டால் வழியாமல் நிற்கும். வெறுங்காலோடு வயலுக்கும் வளவுக்கும் போன தலைமுறைக்குக் கொக்கிப்புழு வேறு இரத்தம் குடித்தது.

அன்று பேறு பார்த்தது வீட்டில், மருத்துவிச்சி ஒஸ்தா மாமியின் கையில். பிறகு நாற்பது நாள் பத்தியம். அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, கிழக்குக் கரையின் தமிழரும் முஸ்லிம்களும் உணவைச் சூடு, குளிர் என்று பிரித்து நடப்பதை விரிவாகவே எழுதியிருக்கிறார். மிளகும் உள்ளியும் மஞ்சளும் அரைத்த சரக்குக் கறி, பால் சுரக்கப் பால்சுறா. இதெல்லாம் நல்லது. ஆனால் குளிர்ச்சி என்று கீரையையும் பழத்தையும் தள்ளி வைத்தது, இரத்தம் இழந்தவளிடமிருந்து கைக்கெட்டிய மருந்தைத் தட்டிவிட்டதுபோல. அந்தக் காலத்தைப் பொன்னாக்கிப் பேச எனக்கு விருப்பமில்லை. 1930களில் இலங்கையில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள்.

இன்று மிட்வைஃப் மிஸ்ஸி வாசலுக்கு வருகிறா. எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில் இரத்தம் பார்க்கிறார்கள். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் கவனிக்கிறார்கள். பூச்சிக் குளிசை, இரும்புக் குளிசை, 1970களில் இருந்து திரிபோஷா சத்துமா. எல்லாம் இலவசம். கெடுப்பது தேத்தண்ணி. குளிசை போட்ட கையோடு ஒரு பிளேன்டீ குடித்தால் அந்தச் சாயம் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கல்சியக் குளிசையும் அப்படியே. அதை வேறு நேரத்துக்குப் போட வேண்டும். பயோட்டின் கதை இன்னொன்று. நகத்துக்கு அதனால் பெரிய பலன் என்பதற்குச் சான்று மெலிவு. கூடிய அளவில் விழுங்கினால் தைரொயிட் இரத்தப் பரிசோதனையைப் பிழையாகக் காட்டவும் செய்யும். பிரசவத்துக்குப் பிந்திய மாதங்களில் தைரொயிட் கோளாறு வருவதும், அதனால் நகம் கெடுவதும் உண்டு என்பதால் இது சின்ன விசயமல்ல.

தண்ணீரைச் சொல்ல மறக்கக் கூடாது. நகம் நனைந்து நனைந்து காய்ந்தால் ஏடு பிரியும். முன்பு எங்கள் பக்கத்தில் மகளுக்கே வீடு. பேறு உம்மா வீட்டில். நாற்பது நாள் புள்ளைப்பெத்தவளின் கை கழுவுநீரில் படாது. பீத்துணியை உம்மாவோ ராத்தாவோ அலசுவார்கள். அந்த ஓய்வுதான் பத்தியத்திலேயே சிறந்த மருந்து என்பது என் எண்ணம். 2004 சுனாமி கரையோர வளவுகளைப் பிரித்துப் போட்டது. மருதமுனையில், கடலோரத்தில் கட்டத் தடைசெய்த தூரத்தாலேயே 65 மீற்றர் வீட்டுத்திட்டம் என்று பெயர் இருக்கிறது. உம்மா ஓரிடம், மகள் ஓரிடம், மாப்பிள்ளை கட்டாரில் என்று குடும்பம் சிதறியிருக்கும் வீட்டில், பத்தாம் நாளே புள்ளைப்பெத்தவளின் கை பிளீச்சிலும் விம்மிலும். பிறகு நகச்சுத்து வந்து விரல் வீங்கும், தேசிக்காயைச் செருகிக்கொண்டு இருப்பாள். சட்டி கழுவ ஒரு ரப்பர் கையுறை, இரவில் விரலுக்குக் கொஞ்சம் தேங்காயெண்ணெய், பயோட்டினைவிட மலிவு.

பூச்சும் மாறிவிட்டது. மருதோண்டி மரம் நின்ற மூலையில் இப்போது மோட்டார் பைக் நிற்கிறது. கடைக் கோனில் சீக்கிரம் கறுக்கும் வகைக்குள் முடிச்சாயம் கலந்திருந்தால் கை கொப்புளிக்கும். கியூட்டெக்ஸ் போட்டால் தொழுகைக்கான வுளூ நிறைவேறாது. பேற்றுக்குப் பிந்திய நிபாஸ் நாளில் தொழுகை இல்லை என்பதால் சிலர் ஆசை தீர அப்போதுதான் பூசுகிறார்கள். சரியாக அந்த நாட்களில்தான் நகம் பார்க்கப்பட வேண்டும். மிஸ்ஸி விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாமல் கண் இமையை இழுத்துப் பார்க்கிறா.

நகம் குழிந்தால், ஒரே விரலில் புதிதாகக் கறுத்த கோடு விழுந்தால், நகக்கேட்டோடு நெஞ்சு படபடப்பும் சேர்ந்தால், பார்மசிக்கல்ல, கிளினிக்குக்குப் போங்கள். போகும் நாளில் மருதோண்டியோ கியூட்டெக்ஸோ, இரண்டு விரலையாவது வெறுமனே விட்டுவிட்டுப் போங்கள்.