பாண்டம் மோட்டார் சைக்கிள்

பழுது நீக்கிப் புதுப்பித்த ஒரு பாண்டம் வண்டியைக் கண்டால், பெட்ரோல் தொட்டியின் மேல் ஒரு சேவல் படம் இருக்கும். பாண்டம் என்பது சிறுகோழி இனத்தின் பெயர். ஜாவாத் தீவின் பந்தன் துறைமுகத்தின் பெயரே கோழிக்கு வந்தது என்பார்கள். அங்கிருந்து இங்கிலாந்து மோட்டார் சைக்கிளுக்கும் போய்விட்டது!

பர்மிங்ஹாம் நகரில், துப்பாக்கி செய்வதற்கென 1861-இல் தொடங்கப்பட்ட பி.எஸ்.ஏ. நிறுவனம் 1948-இல் இதை வெளியிட்டது. ஆனால் வண்டியின் பிறப்பிடம் ஜெர்மனி. அங்கே டி.கே.டபிள்யூ நிறுவனம் போருக்கு முன் உருவாக்கிய ஆர்.டி.125 வண்டியின் வரைபடங்கள், 1945-இல் போர் முடிந்தபின் நட்ட ஈடாக வென்ற நாடுகளுக்குப் போயின. ரஷ்யாவிலும் அமெரிக்காவிலும் அதே வண்டி வேறு பெயர்களில் வந்தது. ஜப்பானில் 1955-இல் வெளிவந்த யமஹாவின் முதல் வண்டியும் அதைப் பார்த்துச் செய்ததே. ஆகவே யமஹாவுக்குப் பாண்டம் பெரியப்பா மகன் முறை.

முதல் வண்டியின் இயந்திரம் 123 சி.சி.; கியர் மூன்று. இங்கிலாந்தில் தந்தி கொண்டுபோகும் பையன்கள் இதில்தான் சுற்றினார்கள். 1954-இல் 148 சி.சி., 1958-இல் 172 சி.சி. என்று வளர்ந்து, பின்னர் நான்கு கியரும் பெற்று, 1971-இல் உற்பத்தி நின்றது.

இந்த இயந்திரத்தில் வால்வும் இல்லை, எண்ணெய்ப் பம்பும் இல்லை. பெட்ரோலும் காற்றும் முதலில் பிஸ்டனுக்குக் கீழேயுள்ள அறைக்குள் வரும். பிஸ்டன் இறங்கும்போது அழுத்தப்பட்டு மேலே ஏறும். அந்த அறையில் காற்றுக் கசியவே கூடாது. பல ஆண்டுகள் சும்மா கிடந்த வண்டியில் ரப்பர் சீல்கள் காய்ந்து கசியும். எத்தனை உதை உதைத்தாலும் வண்டி கிளம்பாது. பாவம், பலர் பிளக்கை மாற்றி மாற்றிக் காசைக் கரைப்பார்கள். வண்ணம் பூசுவதற்கு முன் சீலை மாற்றுவதே என் யோசனை. பெட்ரோலில் கலக்கும் எண்ணெயைக் குறைத்துச் சிக்கனம் பிடித்தால், பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு இறுகிவிடும்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. பிரிட்டிஷார் ஜெர்மன் வரைபடத்தைக் கண்ணாடியில் கண்டதுபோல் இடவலம் மாற்றிவிட்டார்கள். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஜப்பானிய வண்டியில் பழகிய கால், அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரைத்தான் மிதிக்கும். வாகனம் போகாத செம்மண் பாதையில் சில நாள் ஓட்டிப் பழகிய பிறகே பெரிய சாலைக்கு வரவேண்டும்.