ரத்தம் ஊற ஓர் ஊசி

"கிட்னி கெட்டதுக்கும் ரத்தம் குறையதுக்கும் என்ன சம்பந்தமாக்கும்?" டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே துணைக்குக் காத்திருக்கும் பெண்கள் கேட்கும் கேள்வி இது. ஆசாரிப்பள்ளமானாலும் சரி, நாகர்கோவில் தனியார் ஆஸ்பத்திரியானாலும் சரி, வீட்டில் கீரையும் பேரீச்சம்பழமும் கொடுத்துப் பார்த்து அலுத்தவர்கள்தான் பலரும். (இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கொடுக்காதீர்கள்!)

சம்பந்தம் இருக்கிறது, சகோதரிகளே. 'சிவப்பணுக்களை உண்டாக்கு' என்று எலும்பு மஜ்ஜைக்கு உத்தரவு போடும் எரித்ரோபாய்ட்டின் என்ற புரதம் பெரும்பாலும் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. சிறுநீரகம் நலிந்தால் உத்தரவும் நின்றுவிடும். அப்புறம் இரும்புச் சத்து மட்டும் கொடுத்து என்ன பயன்? அரிசி இருந்தும் அடுப்பு மூட்ட ஆளில்லாத கதைதான்.

இந்தப் புரதத்தைப் பிடிக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. சிக்காகோவில் யூஜின் கோல்ட்வாசர் இருபது ஆண்டுக்கு மேல் தேடினார். மஜ்ஜை வேலை செய்யாத நோயாளிகளின் சிறுநீரில் இது அதிகம் வெளியேறும். அப்படிப்பட்டவர்களிடம் 2,550 லிட்டர் சிறுநீர் சேகரித்து, வற்ற வைத்து, 1975-ல் அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார் ஜப்பானிய டாக்டர் தகாஜி மியாகே. முகம் சுளிக்காதீர்கள்! 1977-ல் அதிலிருந்து கிடைத்தது சுமார் 8 மில்லிகிராம். ஒரு சிட்டிகைகூட இல்லை.

1983-ல் ஆம்ஜென் கம்பெனியில் ஃபூ-குவென் லின் இதற்கான மரபணுவைக் கண்டுபிடித்தார். மனித இன்சுலினைப் போல இதையும் பாக்டீரியாவில் வளர்த்துவிடலாமே என்றால், முடியவில்லை. இந்தப் புரதத்தின் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் அதில் கோத்த சர்க்கரைச் சங்கிலிகள். (நீரிழிவுக்காரர்கள் பயப்பட வேண்டாம், இது அந்தச் சர்க்கரை அல்ல.) சங்கிலி சரியாக இல்லாவிட்டால் மருந்து ரத்தத்தில் தங்காது, சீக்கிரமே வெளியேற்றப்பட்டுவிடும். சாதாரண பாக்டீரியாவுக்கு அந்தக் கைவேலை தெரியாது, பாலூட்டிகளின் செல்லுக்குத் தெரியும்.

1957-ல் ஒரு சீன வெள்ளெலியின் சினைப்பையிலிருந்து எடுத்து வளர்த்த செல்களின் வம்சம் இன்றும் பெருகிக்கொண்டிருக்கிறது. அதற்குள் மனித மரபணுவைச் செலுத்தி, 37 டிகிரி சூட்டில், குளுக்கோசும் அமினோ அமிலமும் ஊட்டித் தொட்டியில் வளர்க்கிறார்கள். நம் நாற்றங்காலை விடப் பொல்லாத கவனிப்பு! ஒரு கிருமி புகுந்தாலும் தொட்டி மொத்தமும் பாழ். செல்கள் புரதத்தை வெளியே சுரக்கும். அதைப் பலமுறை சுத்திகரித்துத்தான் ஊசியில் அடைக்கிறார்கள். 1989-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இப்போது ஆமதாபாத்தின் இன்டாஸ் உட்பட நம் நாட்டுக் கம்பெனிகளும் தயாரிக்கின்றன. அதற்கு முன்பெல்லாம் இந்த நோயாளிகளுக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

'நாலு ஊசி கூடப் போட்டால் சீக்கிரம் தெம்பு வருமே' என்று நினைக்காதீர்கள். ஹீமோகுளோபினை 13 அளவுக்கு உயர்த்த முயன்றபோது இதயக் கோளாறும் பக்கவாதமும் கூடியதை 2006, 2009-ம் ஆண்டுகளின் பெரிய ஆய்வுகள் காட்டின. அதனால் 11-ஐ ஒட்டியே நிறுத்தப் பார்க்கிறார்கள். ரத்த அழுத்தத்தையும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

ஊசியை வாங்கிக் குலசேகரத்துக்கோ தேங்காப்பட்டணத்துக்கோ பஸ்ஸில் கொண்டுபோகிறவர்கள் ஐஸ் டப்பாவில் வையுங்கள். ஆனால் ஐஸ் நேராகப் படாதபடி துணி சுற்றுங்கள். வீட்டில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு போதும், ஃப்ரீசர் கூடாது. உறைந்த மருந்து உதவாது. குலுக்கவும் கூடாது. ஒவ்வொரு தடவையும் கம்பெனிப் பெயரை நோட்டில் குறித்து வையுங்கள். கடையில் வேறு பெயர் கொடுத்தால், போடுவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.