விசுவாசத்தின் மையமும் அதன் பாதுகாப்பும்: நைசியா முதல் இலங்கை வரை

விசுவாசப் பிரமாணத்தை மனனமாகச் சொல்ல நம்மில் பலருக்குத் தெரியும். ஆனால், "அதில் இந்தச் சொற்கள் ஏன் இடம்பெற்றன?" என்ற வினா எழும்போது பலர் தடுமாறுவர். கல்முனைக் கரையோரத்தில் கற்கும் மாணவருக்கு இவ்வினா பரீட்சை மண்டபத்தில் மட்டும் எழுவதன்று. "நீங்கள் மூன்று கடவுளரையா வணங்குகிறீர்கள்?" என்று பக்கத்து வாங்கில் இருக்கும் முஸ்லிம் நண்பர் உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்கலாம். அதற்குக் கோபமின்றி, குழப்பமின்றி, சரியாக விடை கூறத் தெரிந்திருப்பதே விசுவாசத்தைப் பாதுகாத்தலின் முதற்படி.

இக்கட்டுரையில், கிறிஸ்தவ நம்பிக்கையின் மையக் கருத்துகள் எவ்வாறு வரையறுக்கப்பட்டன, நம் நாட்டில் அவற்றின் பேரால் எழுந்த பிணக்குகள் எவை, அவற்றிலிருந்து நாம் கற்பது என்ன என்பவற்றை நோக்குவோம்.

1. பேதகம் என்றால் என்ன?

திருச்சபையின் அடிப்படை நம்பிக்கையைத் திரித்துப் போதிப்பது பேதகம் எனப்படும். இதைத் தப்பறை என்றும், புரட்டஸ்தாந்து நூல்களில் வேதப்புரட்டு என்றும் கூறுவர். இதற்கான கிரேக்கச் சொல் "தெரிவு" என்னும் பொருளைத் தருவது. முழு நம்பிக்கையில் தனக்கு வேண்டிய பகுதியை மட்டும் தெரிந்தெடுத்து, மற்றதை விட்டுவிடுதல் என்பது கருத்து.

இங்கு இரண்டு விடயங்களை வேறுபடுத்திக் கொள்ள வேண்டும்.

(அ) பிற சமயம் பேதகம் அன்று. இஸ்லாமியரும் இந்துக்களும் பௌத்தரும் தத்தமக்குரிய நம்பிக்கையை உடையவர்கள். திருச்சபைக்கு உள்ளே இருந்து, அதன் பெயராலேயே, அதன் மையத்தை மாற்றிப் போதிப்பதையே பேதகம் என்பர்.

(ஆ) எல்லாக் கருத்து வேறுபாடும் பேதகம் அன்று. வழிபாட்டு முறை, ஆட்சி முறை, பாடல், உடை ஆகியவற்றில் சபைகள் வேறுபடலாம். மையத்தைத் தொடுகிறதா என்பதே கேள்வி.

ஒரு சமயத்தின் மையத்தைச் சுருங்கிய சொற்களில் கூறுவது உலகெங்கும் உள்ள வழக்கமே. நம் ஊரில் நாள்தோறும் ஐந்து வேளை பாங்கொலியில் இஸ்லாத்தின் மைய நம்பிக்கை ஒலிப்பதைக் கேட்கிறோம். கிறிஸ்தவர்க்கு அவ்விடத்தில் இருப்பது விசுவாசப் பிரமாணமாகும்.

2. நைசியாவில் நடந்தது என்ன?

கி.பி. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் ஆரியுஸ் என்னும் குரு ஒரு கருத்தைப் போதித்தார். "கடவுள் ஒருவரே, ஆகவே மகனாகிய கிறிஸ்து கடவுளால் படைக்கப்பட்டவர், படைப்புகளில் மேலானவர், ஆயினும் படைப்பே" என்பது அதன் சாரம். கடவுள் ஒருவரே என்பதைக் காக்கவே அவர் இவ்வாறு கூறினார். ஆனால் படைக்கப்பட்ட ஒருவரை வணங்குவது எவ்வாறு தகும், படைக்கப்பட்ட ஒருவர் மனிதரை எவ்வாறு மீட்பார் என்னும் கேள்விகள் எழுந்தன.

இப்பிணக்கைத் தீர்க்க உரோமப் பேரரசன் கொன்ஸ்தாந்தைன் கி.பி. 325இல் நைசியாவில் ஆயர்களின் பொதுச்சங்கத்தைக் கூட்டினான். அந்நகர் இன்று துருக்கியில் இஸ்னிக் எனப்படுகிறது. மகன் படைக்கப்பட்டவர் அல்லர், தந்தையோடு ஒரே இயல்பு உடையவர் எனச் சங்கம் அறிக்கையிட்டது. இச்சங்கத்தின் 1700ஆவது ஆண்டு நிறைவு 2025இல் உலகெங்கும் நினைவுகூரப்பட்டது.

நண்பரின் கேள்விக்கான விடையும் இங்கேயே உள்ளது. "ஒரே இயல்பு" என்று கூறியதன் மூலம், தந்தையும் மகனும் இரண்டு கடவுளர் அல்லர் என்பதையே நைசியா உறுதி செய்தது. கடவுள் ஒருவரே என்பதில் கிறிஸ்தவருக்கு ஐயம் இல்லை. அந்த ஒரே கடவுளைத் தந்தை, மகன், தூய ஆவி என மூன்று ஆள்களாகத் திருச்சபை அறிக்கையிடுகிறது. இதனை இஸ்லாம் ஏற்பதில்லை. அது அவர்களது நம்பிக்கை. ஆனால் நாம் நம்புவது எது, நம்பாதது எது என்பதைத் தெளிவாகச் சொல்வது நமது கடமை.

3. மையக் கருத்துகளும் அவற்றைத் தெளிவுபடுத்திய சங்கங்களும்

பின்வரும் ஒழுங்கை நினைவிற் கொள்க.

(i) தோற்றவாதம் (தொடக்க நூற்றாண்டுகள்): இயேசு உண்மையான உடல் எடுக்கவில்லை, உடல் போல் தோன்றினார் என்றது. திருச்சபையின் விடை: அவர் உண்மையாகப் பிறந்தார், பாடுபட்டார், இறந்தார்.

(ii) ஆரியவாதம்: மகன் படைக்கப்பட்டவர் என்றது. நைசியா, 325. விடை: அவர் உண்மையான கடவுள்.

(iii) தூய ஆவியின் இறைத்தன்மையை மறுத்தோர்: கொன்ஸ்தாந்திநோபிள், 381. விடை: தூய ஆவியும் தந்தையோடும் மகனோடும் வணங்கப்படுகிறார்.

(iv) அப்பொல்லினாரியுஸ்: இயேசுவுக்கு மனித அறிவுள்ளம் இல்லை என்றார். கொன்ஸ்தாந்திநோபிள், 381. விடை: அவர் முழுமையான மனிதர்.

(v) நெஸ்தோரியுஸ்: மரியாளை "இறைவனின் தாய்" என அழைப்பதை எதிர்த்தார், கிறிஸ்துவை இருவராகப் பிரிக்கிறார் எனக் குற்றஞ்சாட்டப்பட்டார். எபேசு, 431. விடை: கிறிஸ்து ஒருவரே.

(vi) யூட்டிகஸ்: கிறிஸ்துவின் மனித இயல்பு இறை இயல்பில் கரைந்துவிட்டது என்றார். கல்செதோன், 451. விடை: ஒரே ஆளில் இறை இயல்பு, மனித இயல்பு ஆகிய இரண்டும் கலப்பின்றியும் பிரிவின்றியும் உள்ளன.

பிணக்கு ஒவ்வொன்றிலும் திருச்சபை காத்துக் கொண்டவை மூன்றே: கடவுள் ஒருவரே, கிறிஸ்து உண்மையான கடவுள், கிறிஸ்து உண்மையான மனிதர். இம்மூன்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டபோதே பேதகம் எழுந்தது.

4. காத்தது வாளா, விளக்கமா?

நைசியாச் சங்கம் முடிந்ததும் பேரரசன் ஆரியுஸை நாடு கடத்தினான். ஆனால் சில ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. ஆரியவாதத்திற்குச் சார்பான பேரரசர்கள் வந்தனர். நைசியாவின் நம்பிக்கைக்காக வாதாடிய அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியார் ஐந்து தடவை தம் நகரை விட்டுத் துரத்தப்பட்டார். ஏறக்குறைய 17 ஆண்டுகளை வெளியிலேயே கழித்தார். அரசின் வாள் முதலில் ஒரு பக்கமும் பின்னர் மறு பக்கமும் வீசியது.

பேரரசன் தியோடோசியுஸ் 380இல் நைசியாவின் நம்பிக்கைக்கு அரச ஆதரவு அளித்தான் என்பது உண்மையே. ஆனால் அதற்கு முந்திய ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் அந்நம்பிக்கையை உயிரோடு வைத்திருந்தவை அத்தனாசியாரும் பிறரும் எழுதிய விளக்க நூல்களும் மக்களின் வழிபாடுமே ஆகும்.

5. அனுராதபுரத்துச் சிலுவை

1912இல் அனுராதபுரத்தில் கல்லிற் செதுக்கிய சிலுவை ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அது பாரசீகக் கிறிஸ்தவர்களுடையது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 6ஆம் நூற்றாண்டில் கொஸ்மாஸ் என்பவர் எழுதிய நூலிலும், இலங்கையில் பாரசீகக் கிறிஸ்தவர்களின் ஆலயம் ஒன்று இருந்ததாகக் கூறப்படுகிறது.

இவர்கள் கிழக்குத் திருச்சபையைச் சேர்ந்தோர். எபேசுச் சங்கத்தை அத்திருச்சபை ஏற்காததால், மற்றவர்கள் அவர்களை "நெஸ்தோரியர்" எனப் பேதகர் பட்டியலிற் சேர்த்தனர். இதன் விளைவு நம் அயலிலும் தெரிந்தது. கேரளத்தின் உதயம்பேரூரில் 1599இல் கோவா பேராயர் மெனேசெஸ் கூட்டிய சங்கம், அங்கிருந்த தோமையார் கிறிஸ்தவர்களின் சிரிய மொழி நூல்களைப் பேதக நூல்கள் எனத் தீர்ப்பிட்டது. பல நூல்கள் எரிக்கப்பட்டன. இதனால் ஒற்றுமை வளர்ந்ததா? இல்லை. 1653இல் மட்டாஞ்சேரியில் பெருந்தொகையானோர் கூனன் குரிசுச் சத்தியம் செய்து, தம்மை ஆண்ட இயேசு சபையினரிடமிருந்து விலகினர். அப்பிளவு இன்றும் ஆறவில்லை.

ஆனால் 1994 நவம்பர் 11இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரும் கிழக்கு அசீரியத் திருச்சபையின் முதுபெருந்தந்தை நான்காம் மார் திங்காவும் ஒரு பொது அறிக்கையில் கையொப்பமிட்டனர். கிறிஸ்து உண்மையான கடவுளும் உண்மையான மனிதருமான ஒருவரே என இரு தரப்பும் அறிக்கையிட்டன. மரியாளை "இறைவனின் தாய்" என்பதும் "கிறிஸ்துவின் தாய்" என்பதும் ஒரே நம்பிக்கையின் இரு வெளிப்பாடுகள் எனவும் ஏற்றுக்கொண்டன. ஒருவர் சொல்லை மற்றவர் பொறுமையுடன் கேட்க ஏறக்குறைய 1560 ஆண்டுகள் சென்றன.

6. ஒல்லாந்தர் காலத்து இலங்கை

சமயத்தின் பேரால் வலிமையைப் பயன்படுத்தியதன் விளைவை நம் கிழக்கு மாகாணம் நன்கு அறியும். போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து 1626இல் முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுள் ஏறக்குறைய 4000 பேரை மட்டக்களப்புப் பிரதேசத்தில் குடியமர்த்தினான் என வரலாற்றில் கற்கிறோம்.

அடுத்து வந்த ஒல்லாந்தர் 1638இல் மட்டக்களப்பையும், 1656இல் கொழும்பையும், 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். அவர்கள் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தோர். இப்போது துன்பம் கத்தோலிக்கருக்கு வந்தது. கத்தோலிக்க குருமாருக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. அரச பதவி பெறவும் திருமணத்தைப் பதியவும் சீர்திருத்தத் திருச்சபையையே நாட வேண்டியிருந்தது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: ஒல்லாந்தரும் கத்தோலிக்கரும் அறிக்கையிட்டது ஒரே நைசிய நம்பிக்கையையே. பாப்பரசரின் அதிகாரம், திருப்பலி, புனிதர் வணக்கம், திருச்சுருவங்கள் ஆகியவற்றிலேயே அவர்கள் மாறுபட்டனர்.

1687இல் கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். பின்னர் கண்டி அரசே அவருக்குப் புகலிடமாயிற்று. முஸ்லிம்களுக்குக் கதவு திறந்த அதே கண்டி, இப்போது கத்தோலிக்கருக்கும் கதவு திறந்தது. அவர் 1711இல் கண்டியிற் காலமானார். 2015இல் புனிதராக உயர்த்தப்பட்டார். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழும் சிங்களமும் கற்று, இரு மொழிகளிலும் பல நூல்களை இயற்றினார். வேத வரலாறு, செபம், சீர்திருத்தச் சபையாரின் போதனைக்கு மறுப்பு ஆகியன அவற்றுள் அடங்கும். அவரிடம் படையும் ஆணையும் இருக்கவில்லை. ஏடும் எழுத்தாணியுமே இருந்தன.

பிரித்தானியர் 1806இல் கத்தோலிக்கர் மீதான தடைகளை நீக்கினர். அரச ஆணைக்காக மட்டும் சீர்திருத்தச் சபையிற் பெயர் பதிந்திருந்தோர் பெருமளவில் விலகிச் சென்றனர். விளங்கி ஏற்காத நம்பிக்கை, ஆணை நீங்கியதும் நீங்கியது.

7. அண்மைக் கால உதாரணம்

இலங்கைக் குருவும் இறையியலாளருமான திஸ்ஸ பாலசூரிய அடிகளார் 1990இல் மரியாளும் மானிட விடுதலையும் என்னும் பொருளில் ஆங்கில நூல் ஒன்றை வெளியிட்டார். ஏழைகளின் பக்கம் நின்ற துணிவுள்ள பெண்ணாக மரியாளைக் காட்டிய அந்நூல், பிறப்புநிலைப் பாவம் பற்றிய மரபுவழி விளக்கத்தையும் கேள்விக்குள்ளாக்கியது. அது திருச்சபையின் நம்பிக்கைக்கு முரணானது என உரோம் நகர விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் முடிவு செய்தது. தமது கருத்துகள் தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டன என்பது அவரது நிலைப்பாடு. 1997 ஜனவரியில் அவர் திருச்சபைக்குப் புறம்பாக்கப்பட்டார். பேச்சுவார்த்தைகளின் பின் 1998 ஜனவரியில் அத்தண்டனை நீக்கப்பட்டது. 2013இல் அவர் காலமானபோது திருச்சபையின் குருவாகவே இருந்தார்.

மையத்தைக் காப்பது திருச்சபையின் பொறுப்பு என்போரும், புதிய கேள்விகளுக்கு இடம் வேண்டும் என்போரும் இதில் தத்தம் நியாயங்களை முன்வைத்தனர். எனினும் ஏறக்குறைய ஓராண்டில் மீளிணைவு கைகூடியது, பேச்சுவார்த்தையின் கதவு மூடப்படாததாலேயே.

8. நாம் கற்பவை

(அ) மையத்தையும் வேறுபாட்டையும் பிரித்தறிய வேண்டும். கல்முனையில் கத்தோலிக்கரும் மெதடிஸ்த சபையாரும் வழிபாட்டு முறையில் வேறுபடினும், நைசிய நம்பிக்கையில் ஒன்றே.

(ஆ) மறுப்பதற்கு முன், எதிர்த்தரப்பு உண்மையில் என்ன கூறுகிறது என்பதை அறிய வேண்டும்.

(இ) கேட்பவரின் மொழியில், தெளிவாக விளக்க வேண்டும்.

(ஈ) வற்புறுத்தல் நம்பிக்கையைக் காப்பதில்லை. பெயர்ப் பதிவை மட்டுமே கூட்டும்.

பரீட்சைக்கான பயிற்சி

வினா: "விசுவாசத்தைப் பாதுகாக்க விளக்கமே சிறந்த வழி." இக்கூற்றை இரு வரலாற்று உதாரணங்கள் மூலம் விளக்குக.

விடைக் குறிப்பு: முதலில் பேதகம் என்பதற்கு வரைவிலக்கணம் தருக. அடுத்து அத்தனாசியார் அல்லது கொன்சால்வெஸ் அடிகளாரின் பணியை ஆண்டுடன் எழுதுக. பின்னர் உதயம்பேரூர்ச் சங்கம் அல்லது ஒல்லாந்தர் சட்டங்களின் விளைவை எதிர் உதாரணமாகக் காட்டுக. இறுதியாக, பல சமயத்தவர் வாழும் நம் பிரதேசத்தில் இது எவ்வாறு பொருந்தும் என்பதை ஓரிரு வசனங்களில் உமது சொந்த நடையில் எழுதுக. ஆண்டையும் பெயரையும் மட்டும் எழுதி நிறுத்திவிடாது, காரணத்தையும் விளைவையும் தொடர்புபடுத்தும் விடையே முழுப் புள்ளியையும் பெறும்.