பேராதனையில் குப்பி வகுப்பு

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பரீட்சை நெருங்கும் நாட்களில் ஒரு காட்சியைக் காணலாம். காலியான விரிவுரை மண்டபம், விடுதிப் படிப்பறை, சிற்றுண்டிச்சாலை மேசை என இடம் கிடைத்த பக்கமெல்லாம் மாணவர்கள் சிறு சிறு கூட்டமாக இருப்பார்கள். பாடம் விளங்கிய ஒருவர் விளங்காதவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துக் கொண்டிருப்பார். சிலவேளை அது மேல் வருட அக்கா அல்லது அண்ணா, சிலவேளை கூடப் படிக்கும் பிள்ளை. ரியூசன் போலக் காசு இல்லை. இதனைத்தான் 'குப்பி' என்கிறார்கள்.

குப்பி விளக்கைச் சுற்றியிருந்து படித்ததால் வந்த பெயர் என்பர். ஜாம் போத்தலில் பஞ்சை வைத்து, சொட்டு மண்ணெண்ணெயில் பிள்ளைகளைப் படிக்க வைத்த சகோதரிகளுக்கு அந்த வெளிச்சத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எமது பகுதிகளில் அச்சொல்லுக்கு இருந்த மற்றப் பொருளையும் சொல்ல வேண்டியதில்லை. மகள் இரவில் குப்பிக்குப் போவதாகத் தொலைபேசியில் சொன்னதும் நெஞ்சு திக்கென்றது என முல்லைத்தீவுத் தாய் ஒருவர் என்னிடம் கூறினார். அவரைப் போன்றவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பேராதனையின் விஞ்ஞான பீடம் 1961இல் ஆரம்பமானது. அங்கும் மருத்துவ, பொறியியல் பீடங்களிலும் படிப்பு ஆங்கிலத்தில். எமது பிள்ளைகளில் அநேகர் உயர்தரம் வரை தமிழில் படித்தவர்கள். ஒளித்தொகுப்பு, ஒட்சியேற்றம், தொகையீடு, உந்தம் எல்லாம் அவர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. அவையே வேறு பெயரில் வரும்போது தெரிந்த பாடமும் தெரியாத பாடமாகிவிடுகிறது. நிறைந்த மண்டபத்தில் எழுந்து கேட்க வாய் வராது. குப்பியிலோ, மொமென்டம் என்றால் எங்கட உந்தம்தான் என்று ஒரு அக்கா சொன்னால் போதும், பாதிப் பயம் போய்விடும்.

அறையைப் பூட்டிக்கொண்டு தனியே படிப்பவளே கெட்டிக்காரி என்று நாம் நினைக்கிறோம். அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970களில் யூரி ட்ரைஸ்மன் என்பவர், கறுப்பின மாணவர் பலர் கணிதத்தில் பின்தங்குவது ஏன் என ஆராய்ந்தார். ஊக்கமில்லை, வீட்டில் வறுமை என்றே மற்றவர்கள் காரணம் கூறியிருந்தனர். அவர் கண்டதோ வேறு. அந்தப் பிள்ளைகள் கடுமையாகவே படித்தார்கள், ஆனால் தனித்தனியே. சீன வம்சாவளி மாணவர்கள் தாம் செய்த கணக்குகளைக் கூடியிருந்து ஒப்பிட்டு, ஒருவர் பிழையை மற்றவர் திருத்தினார்கள். கடினமான கணக்குகளைக் கூடிச் செய்ய ட்ரைஸ்மன் ஏற்பாடு செய்தபோது, பின்தங்கியவர்களின் பெறுபேறுகள் உயர்ந்தன. 'யுத்தத்தில் அடிபட்ட பிள்ளை, அவ்வளவுதான் முடியும்' என்று எமது பிள்ளைகளைப் பற்றிச் சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1990களில் நியூயோர்க் சிற்றி கல்லூரியில் இரசாயனவியலுக்கு இவ்வாறான குழுமுறை உருவாக்கப்பட்டது. ஆறு முதல் எட்டுப் பேருக்கு ஒரு மாணவத் தலைவர். அவர் விடையைச் சொல்வதில்லை, கேள்வி கேட்டு அவர்களையே செய்ய வைப்பார். வாரந்தோறும் கூடுவார்கள். எமது குப்பி பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் கூடுகிறது. ஒருவர் பேச, நாற்பது பேர் எழுதுவதும் உண்டு. அது இன்னொரு விரிவுரைதான். முதல் மாதத்திலேயே ஐந்தாறு பேராகத் தொடங்குவது எவ்வளவோ மேல்.

இன்னொரு விடயத்தையும் மறைக்கக் கூடாது. 1997இல் பேராதனையில் பொறியியல் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். 1998இல் பகிடிவதைக்கு எதிரான 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அப்படியிருந்தும், பகிடிவதைக்கு இணங்காத பிள்ளைகளைக் குப்பியிலிருந்தும் குறிப்புகளிலிருந்தும் ஒதுக்கும் வழக்கம் முற்றாக ஒழியவில்லை. கற்றுக் கொடுப்பதற்கு அடிபணிவைக் கூலியாகக் கேட்பது கொடுமை. அவ்வாறு ஒதுக்கப்பட்ட இரண்டு மூன்று பேர் சேர்ந்தாலே ஒரு குப்பி ஆகிவிடும்.

ஆகவே மகளுடன் கதைக்கும்போது, படிக்கிறாயா என்பதோடு யாருடன் இருந்து படிக்கிறாய் என்றும் கேளுங்கள். இரவில் ஆண்களும் பெண்களும் கூடும் வகுப்புக்கு அனுப்ப வீட்டில் தயக்கம் இருக்கலாம். பெண் பிள்ளைகள் தமது விடுதிக்குள்ளேயே கூடிப் படிக்கவும் வழியுண்டு. 2020இல் கொரோனாவால் வளாகம் மூடப்பட்டபோது குப்பி கைத்தொலைபேசிக்கும் வந்தது. வீட்டு வேலைக்கு நடுவே, காதில் கருவியை மாட்டிக்கொண்டு இரசாயனவியல் கேட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.