மூச்சை அடக்கும் மரம்

ஹவாய்த் தீவின் கிலவேயா எரிமலை பற்றிச் சென்ற வாரம் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஒரே குழப்பம்: எரிமலை தீவைச் சூடாக்குகிறதா, குளிர்விக்கிறதா? செடிகளைக் கருக்குவது சாம்பலா?

சாம்பலை மறந்துவிடுங்கள். கிலவேயாவில் பார்க்கவேண்டியது கந்தக டை ஆக்சைடு. 2008 மார்ச்சில் உச்சியிலுள்ள ஹலேமௌமௌ பள்ளத்தில் புதிய வாய் திறந்ததும் இந்த வாயு பெருகியது. வெயிலும் ஈரமும் பட்டு அது நுண்ணிய அமிலத் துளிகளாகி, வெளிறிய மூட்டமாகத் தங்கும். 'வாக்' என்பது தீவு மக்கள் அதற்கு வைத்த பெயர். வடகிழக்கிலிருந்து வீசும் காற்று அதைத் தீவின் தெற்கிலுள்ள காவு வட்டாரத்தின் மீது தள்ளி, தீவைச் சுற்றிக் கொண்டுபோய் மேற்கே கோனா கரையில் விடுகிறது. பகலில் கடற்காற்றும் இரவில் நிலக்காற்றுமாக, மூட்டம் அங்கேயே ஊசலாடிக்கொண்டிருக்கும்.

மேகமும் மாறுகிறது. அமிலத் துளிகளைச் சுற்றி நீர் படிவதால் மேகத்துளிகள் எண்ணிக்கையில் கூடி, அளவில் சிறுக்கின்றன. அப்படிப்பட்ட மேகம் வெயிலை அதிகம் திருப்பி அனுப்பும். மழையாக இறங்கத் தயங்கும். 2008-இல் செயற்கைக்கோள்கள் காற்று போகும் திசையில் இதைத்தான் கண்டன.

என்னை விடாமல் பிடித்துக்கொண்டது ஓஹியா மரம். புதிதாக உறைந்த எரிமலைப் பாறையில் முதலில் வேர்விடும் மரங்களில் ஒன்று. சிவந்த குஞ்சம்போலப் பூப்பது. வாயு எல்லா இலைக்குள்ளும் ஒரே வழியாகத்தான் நுழைகிறது: இலைத்துளைகள். உள்ளே ஈரத்தில் கரைந்து செல்களைச் சிதைக்கிறது. 1980-இல் வில்லியம் வின்னர், ஹெரால்ட் மூனி இருவரும் ஹவாய்ச் செடிகளை ஒப்பிட்டு 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். துளையை மூடாத இனங்களின் இலைகள் வெளுத்தன அல்லது கருகின. ஓஹியா மூடிக்கொண்டது, இலையில் ஒரு தழும்பும் இல்லை.

இதைத் தற்காப்பு என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிட முடியவில்லை. நஞ்சுக்குச் சாத்திய கதவு உணவுக்கும் சாத்தியதுதான். துளை மூடியிருக்கும்வரை கார்பன் டை ஆக்சைடும் உள்ளே வராது. மாவுச்சத்து தயாராவது நின்றுபோகும். வாயு போனதும் திறந்து, வந்ததும் மூடி, அந்த மரம் அரைப்பட்டினியில் பச்சையாக நிற்கிறது. பச்சையாக இருப்பதால் நலமாக இருக்கிறது என்று அதைப் படிக்கக் கூடாது.

அரசுக் கணக்கிலும் இதேபோல ஒரு பச்சை உண்டு. 'காற்றுத் தரம் வரம்புக்குள் இருக்கிறது' என்று ஹவாய் சுகாதாரத் துறை ஆண்டறிக்கையில் சொல்லும்போது, எரிமலையால் நேர்ந்த மீறல்களைக் கழித்துவிட்டுத்தான் சொல்கிறது. விதி அதற்கு இடம் தருகிறது. மலைக்கு அபராதம் போட முடியாது என்பதும் நியாயமே. ஆனால் அந்த 'வரம்புக்குள்' என்பது மீறல்களைக் கழித்த கணக்கு. காவு வட்டாரத்தில் ஒரு குழந்தை எதைச் சுவாசிக்கிறது என்பதை அது சொல்லாது. 2008-இல் அந்த வட்டாரத்தின் ஓஷன் வியூ பகுதியில் புரோட்டியா பூந்தோட்டங்கள் கருகின. அதே ஆண்டு அமெரிக்க வேளாண் துறை அந்தத் தீவை இயற்கைப் பேரிடர்ப் பகுதியாக அறிவித்தது. ஒரு துறை கழித்ததை இன்னொரு துறை இழப்பாக எழுதிக்கொண்டது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

கிலவேயா உலகத்தைக் குளிர்விக்குமா? இல்லை, வாயு அடுக்கு மண்டலம்வரை ஏறுவது அரிது. 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை ஏற்றியது, உலகமே ஏறக்குறைய அரை டிகிரி குளிர்ந்தது.

புவி வெப்பத்துக்கு எரிமலைகள் காரணமா? உலக எரிமலைகள் அனைத்தும் விடும் கார்பன் டை ஆக்சைடு, மனிதர் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

அதே தீவின் மௌனா லோவா எரிமலையிலுள்ள ஆய்வகம் காற்றின் கார்பன் டை ஆக்சைடு என்று அளப்பது எரிமலை வாயுவையா? பள்ளத்திலிருந்து காற்று இறங்கும் நேர அளவுகளைத் தனியே பிரித்து ஒதுக்கிவிடுகிறார்கள்.

பட்டுப்போகும் ஓஹியா எல்லாம் வாயுவாலா? இல்லை, பெருமளவில் கொல்வது ஒரு பூஞ்சை நோய்.

கூரை மழைநீரைக் குடிக்கலாமா? சோதிக்காமல் கூடாது. அமில மழை கூரையிலும் குழாயிலும் உள்ள ஈயத்தைக் கரைக்கும். கோனா வீடுகள் பலவற்றின் தொட்டிகளில் 1988-இல் ஈயம் இருந்தது.