ஒரு பட்டன், மூன்று கீ: லேப்டாப்பின் ஸ்பெஷல் கீகள் எப்படி வேலை செய்கின்றன?

2024-க்குப் பிறகு வந்த பல விண்டோஸ் லேப்டாப்களில் ஸ்பேஸ் பாருக்கு வலப்பக்கம் ஒரு புது பட்டனைப் பார்த்திருப்பீர்கள். மைக்ரோசாஃப்டின் ஏஐ உதவியாளரான கோபைலட்டைத் திறப்பதற்கான கீ அது. பல மாடல்களில் அது உட்கார்ந்திருப்பது, வலது கன்ட்ரோல் கீ இருந்த இடத்தில்.

‘ஏஐ இருக்கட்டும், என் கன்ட்ரோல் கீயைக் கொடுங்க’ என்பவர்கள் நிறைய. வலது கையால் மட்டும் டைப் செய்பவருக்கு வலது கன்ட்ரோல் ஆடம்பரம் அல்ல. விர்ச்சுவல்பாக்ஸ் பயன்படுத்தும் ஐ.டி. ஊழியர்களுக்கும் அதுதான் வெளியே வரும் கீ. செட்டிங்ஸில் மாற்றிவிட்டால் போச்சு என்று தோன்றும். அது அவ்வளவு சுலபமாக இல்லாததற்குக் காரணம் கீபோர்டு டிரைவரில் இருக்கிறது.

எழுத்து அல்ல, எண்

கீபோர்டு எழுத்துகளை அனுப்புவதே இல்லை. பழைய பிசி கணக்குப்படி ‘ஏ’ கீயை அழுத்தினால் 30 என்ற எண் போகும். விரலை எடுத்தால் அதோடு 128 சேர்ந்து 158. இதை வாங்கி ‘இந்த கீ அழுத்தப்பட்டது, இந்த கீ விடப்பட்டது’ என்று சிஸ்டத்துக்குச் சொல்வதுதான் டிரைவரின் வேலை. அந்த 30 ஆங்கில ‘ஏ’வா, தமிழ்99-இன் ‘அ’வா என்பது டிரைவருக்குத் தெரியாது. அதை மேலே உள்ள லேஅவுட் முடிவு செய்யும்.

சாதா கீகளில் இது அழகாக நடக்கும். தலைவலி ஸ்பெஷல் கீகளில்தான். பாஸ் கீ ஒரே அழுத்தலில் ஆறு எண்களைக் கொட்டும். விரலை எடுக்கும்போது எதுவும் சொல்லாது. எஃப்என் கீயைப் பெரும்பாலான லேப்டாப்களில் உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் சிப்பே கவனித்துக்கொள்ளும், சிஸ்டம் வரை செய்தி வராது. பிரைட்னஸ் மாதிரி சில கீகள் கீபோர்டு வழியாகவே வராமல், தயாரிப்பாளர் வைத்த தனிப் பாதையில் வரும். லினக்ஸில் திங்க்பேட், ஆசஸ், ஹெச்பி என்று தனித்தனி டிரைவர்கள் இருப்பது இதனால்தான்.

இன்னொரு தொல்லை, ‘விட்டாச்சு’ என்ற செய்தியையே அனுப்பாத கீகள். வால்யூம் கீயை ஒரு தட்டு தட்டினால் சத்தம் ஏறிக்கொண்டே போகும், ஏனென்றால் விரல் இன்னும் அழுத்திக்கொண்டிருப்பதாகவே சிஸ்டம் நினைக்கிறது. இப்படிப்பட்ட மாடல்களைப் பட்டியல் போட்டு, டிரைவரே ஒரு பொய் ‘ரிலீஸ்’ அனுப்பும் ஏற்பாடு லினக்ஸில் உண்டு.

ஒரே ஒரு எண்ணில் கோட்டைவிட்டது

மைக் மியூட் கீயின் கதை இன்னும் சுவாரசியம். லினக்ஸ் அதற்குக் கொடுத்த எண் 248. ஆனால், திரையில் விண்டோக்களைக் காட்டும் எக்ஸ்11 முறை 1987-இல் வந்தது. அது ஒவ்வொரு கீ எண்ணோடும் 8 கூட்டிக்கொள்ளும். 255-க்கு மேல் ஏற்காது. 248-உடன் 8 கூட்டினால் 256. ஒரே ஒரு எண்ணில் போச்சு! மீட்டிங்கில் மைக்கை அணைக்க அழுத்தினால் எதுவும் நடக்காது. வேறு வழியில்லாமல், அந்த கீயை ‘எஃப்20’ என்று வேஷம் போட்டு அனுப்பி, மேலே போனதும் மைக் மியூட்டாகப் புரிந்துகொள்ள வைத்தார்கள்.

கோபைலட் கீயும் இதே ரக வேஷம்தான். அதற்கென்று தனி எண் கிடையாது. ஒரு முறை அழுத்தினால் விண்டோஸ் கீ, இடது ஷிஃப்ட், எஃப்23 மூன்றும் சேர்ந்து போகின்றன. எஃப்12-ஐத் தாண்டி யாரும் தொடாத கீ என்பதால் வசதியாகப் போயிற்று. ஆனால், லேப்டாப் கீபோர்டிலிருந்து எஃப்23-க்காக வரும் 110 என்ற எண்ணுக்கு லினக்ஸ் டிரைவரின் அட்டவணையில் பெயர் இல்லை. மற்ற இரண்டு கீகளும் போய்ச்சேர, மூன்றாவது மட்டும் ‘தெரியாத கீ’ என்று லாகில் பதிவாகிக் காணாமல் போகும். பிறகு அந்த ஒரு வரியைச் சேர்த்தார்கள்.

கன்ட்ரோலாக மாற்றுவது ஏன் சிக்கல் என்பது இப்போது புரியும். எஃப்23-ஐ மட்டும் கன்ட்ரோல் ஆக்கினால், கூடவே விண்டோஸும் ஷிஃப்டும் ஒட்டிக்கொண்டு வரும். நீங்கள் காப்பி செய்ய கன்ட்ரோல்–சி கொடுத்தால், மென்பொருளுக்குப் போய்ச்சேருவது நான்கு கீ கூட்டணி. ஆகவே முதலில் அந்த இரண்டையும் ‘விட்டாச்சு’ என்று பொய் சொல்லி, அதன்பிறகு கன்ட்ரோலை அனுப்ப வேண்டும். லினக்ஸில் ‘கீடி’ போன்ற டூல்களில் இதை அமைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 11 செட்டிங்ஸில் பெர்சனலைசேஷன், டெக்ஸ்ட் இன்புட் என்று போனால், இந்த கீ எந்த ஆப்பைத் திறக்க வேண்டும் என்று மாற்றிக்கொள்ளலாம்.